வினாத்தாளைத் திறந்துவைத்த சட்டம்

அமெரிக்காவில் வக்கீல் படிப்புக்குப் போக நினைக்கும் பெரும்பாலானோர் எழுதும் நுழைவுத் தேர்வு எல்சாட். அதன் தர்க்கப் பகுதிக்கு 35 நிமிடம். கேள்விகள் ஏறக்குறைய 25. சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நான்கைந்து வரிகளில் யாரோ எதையோ வாதிடுவார். அந்த வாதம் எதன்மேல் நிற்கிறது, எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்க வேண்டும்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாணவர் சேர்க்கையைக் கவனித்துவந்த ஃபிராங்க் பவுல்ஸ் 1945-இல் இப்படி ஒரு தேர்வு வேண்டுமென்று கேட்டார். சட்டக் கல்லூரியின் முதலாண்டில் யார் தேறுவார் என்பதை முன்கூட்டி அறிவதே நோக்கம். 1947 நவம்பரில் கொலம்பியா, ஹார்வர்ட், யேல் பிரதிநிதிகள் கூடிப் பேசினார்கள். மறு ஆண்டே தேர்வு நடந்தது.

நுழைவுத் தேர்வுகளின் வினாத்தாள்கள் அன்று மூடி வைக்கப்பட்டவை. பயிற்சியால் மதிப்பெண் பெரிதாக உயராது என்பது தேர்வு நடத்தியவர்களின் வாதம். புரூக்ளினில் 1938 முதல் டியூஷன் எடுத்துவந்த ஸ்டான்லி கேப்லன் அதை ஏற்கவில்லை. கல்லூரி நுழைவுத் தேர்வான சாட் முடிந்ததும் தன் மாணவர்களைக் கூட்டி பீட்சா வாங்கிக் கொடுப்பார். அவர்கள் நினைவுகூர்ந்து பேசும் கேள்விகள்தான் அவருடைய பாடநூல்.

1979-இல் நியூயார்க் மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. செனட்டர் கென்னத் லாவேல் கொண்டுவந்த அந்தச் சட்டப்படி, தேர்வு முடிந்தபின் கேள்விகளையும் சரியான விடைகளையும் வெளியிட்டாக வேண்டும். மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் அதை எதிர்த்து நீதிமன்றம் போனது. அந்த எதிர்ப்பே சட்டத்தின் வலுவைக் காட்டுகிறது. ஒருவருடைய வாழ்க்கைப் பாதையைத் தீர்மானிக்கும் தாளை அவரே பார்க்க முடியாமல் இருந்தது பெரிய அநீதி.

இப்படி வெளிவந்த பழைய எல்சாட் தாள்களை அடுக்கி வைத்துப் படித்தால் ஒன்று தெளிவாகும்: கதை மாறும், தவறு மாறாது. ஒன்றன்பின் ஒன்று நடந்ததால் முதலாவதே காரணம் என்பது ஒரு தவறு. சிலரைப் பார்த்து எல்லோரையும் பற்றிச் சொல்வது இன்னொன்று. அவசியமான நிபந்தனையைப் போதுமான நிபந்தனையாக எடுத்துக்கொள்வது மூன்றாவது. நன்றாகப் படிப்பவர்களும் தடுக்கி விழும் இடம் இது.

ஆகவே, கேள்வியை முதலில் பார், முடிவு எந்த வாக்கியத்தில் இருக்கிறது என்று தேடு, விடைகளுக்குப் போகுமுன் இடைவெளியை நீயே சொல்லிப் பார் என்பது பயிற்சியாளர்களின் பாடமானது. ‘தெருவிளக்கு போட்டபின் திருட்டு குறைந்தது, எனவே விளக்குதான் காரணம்’ என்று ஒரு வாதம். ‘அதே சமயத்தில் போலீஸ் ரோந்து கூடவில்லை’ என்பது அதன் சொல்லப்படாத அனுமானமா? மறுத்துப் பார்க்கலாம். ரோந்தும் கூடியது என்றால் வாதம் ஆட்டம் காண்கிறது. அப்படியானால் அனுமானம் அதுதான். வாதத்தை உண்மையாகவே புரிந்துகொள்ள வைக்கும் முறை இது. குறுக்குவழி என்று ஒதுக்குவது நியாயமில்லை.

1982-இல் எல்சாட்டில் ‘லாஜிக் கேம்ஸ்’ என்ற புதிர்ப் பகுதி சேர்ந்தது. யார் யாருக்குப் பக்கத்தில் உட்காரலாம் என்பது போன்ற நிபந்தனைகளைக் கட்டம் வரைந்து தீர்ப்பார்கள். பார்வையற்றவர்களால் எப்படி வரைய முடியும்? இந்தக் கேள்வியை எழுப்பித் தொடரப்பட்ட வழக்கு நீண்டு, 2019 அக்டோபரில் சமரசம் ஏற்பட்டது. 2024 ஆகஸ்ட் முதல் அந்தப் பகுதி இல்லை. அதன் இடத்தில் இன்னொரு தர்க்கப் பகுதி வந்தது. மதிப்பெண்ணில் சேரும் மூன்று பகுதிகளில் இரண்டு இப்போது வாதங்களை எடைபோடுபவை.