பொம்மையும் இல்லை, மனிதனும் இல்லை



இடைவேளை நேரம். தரம் ஏழு பிள்ளைகள் இரண்டு பேர் ஒரு ஸ்பைடர்மேனையும் ஒரு பெட்மேனையும் மேசையில் நிறுத்தி வைத்து வாதாடிக்கொண்டிருந்தார்கள். எது உயரம், எதற்கு முழங்கால் மடிகிறது, எதற்கு பெயின்ட் ஒழுங்காகப் பூசியிருக்கிறது என்பதுதான் வழக்கு. மணி அடித்ததும் "பொம்மையை உள்ளே வையுங்கள்" என்றோம். ஒருவர் எழுந்து நின்று மிகுந்த மரியாதையோடு திருத்தினார்: "பொம்மை இல்ல சேர், எக்ஷன் ஃபிகர்."

சிரித்துவிட்டோம். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தத் திருத்தம் மனதை விட்டுப் போகவில்லை. ஏனென்றால் அந்தப் பிள்ளை சொன்ன வசனம் அவருடையதல்ல. அறுபது வருடங்களுக்கு முன்னர் அமெரிக்காவில் ஒரு கம்பனி யோசித்து எடுத்த முடிவு அது. அந்த வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம். நம் பிள்ளைகளின் புத்தகப் பைக்குள் இருக்கும் சாமானின் வரலாறுதானே.

1959 இல் மெட்டல் கம்பனி பார்பி பொம்மையை வெளியிட்டது. பொம்மை ஒரு முறைதான் விற்கும். அதன் உடுப்புகளோ திரும்பத் திரும்ப விற்கும். இதைப் பார்த்த ஸ்டான் வெஸ்டன் என்ற வியாபார முகவர், ஆண் பிள்ளைகளுக்கும் இதையே செய்யலாம் என்று நினைத்தார். பார்பிக்கு உடுப்பு என்றால் இராணுவ வீரனுக்குச் சீருடை, துப்பாக்கி, கூடாரம். இந்த யோசனையை அவர் ஹாஸ்ப்ரோ கம்பனிக்கு விற்றார். 1964 இல் ஜி.ஐ. ஜோ சந்தைக்கு வந்தது. கிட்டத்தட்ட 12 அங்குல உயரம், கை கால் எல்லாம் மடியும்.

சிக்கல் ஒன்று இருந்தது. தன் மகனுக்குப் பொம்மை வாங்கிக் கொடுக்க எந்தத் தகப்பன் கடைக்கு வருவார்? ஆகவே அதைப் பொம்மை என்று யாரும் சொல்லக் கூடாது என்று கம்பனி முடிவெடுத்தது. "எக்ஷன் ஃபிகர்" என்ற சொல் அப்படித்தான் பிறந்தது. சாமான் மாறவில்லை, பெயர்தான் மாறியது. இது முதலாவது மறுப்பு: இது பொம்மை அல்ல.

மனித உடலின் வடிவத்துக்கு யாரும் உரிமை கோர முடியாது. எனவே போலிகளைப் பிடிப்பதற்காக ஜி.ஐ. ஜோவின் கன்னத்தில் ஒரு தழும்பை வைத்தார்கள். வலது கைப் பெருவிரலில் நகம் தவறான பக்கத்தில் அமைந்துவிட்டது. அந்தப் பிழையையும் அடையாளமாக அப்படியே விட்டுவிட்டார்கள். இன்றைக்கும் சேகரிப்பாளர்கள் பழைய ஜோ ஒன்றைக் கையில் எடுத்தால் முகத்தோடு பெருவிரலையும் பார்ப்பார்கள். பிழைதான் அங்கே அத்தாட்சி.

சூப்பர் ஹீரோக்கள் இந்தக் கதைக்குள் வருவது 1966 இல். அதே வெஸ்டனின் யோசனையில் ஐடியல் கம்பனி கெப்டன் எக்ஷன் என்ற உருவத்தை வெளியிட்டது. ஆள் ஒருவன்தான். சுப்பர்மேன் உடுப்பும் முகமூடியும் போட்டால் சுப்பர்மேன், கழற்றிவிட்டு பெட்மேன் உடுப்பைப் போட்டால் பெட்மேன். அடுத்த வருடம் ஸ்பைடர்மேன் உடுப்பும் வந்தது. உடுப்பு தனி விலை என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இரண்டு, மூன்று வருடங்களுக்குள் அது கடைகளிலிருந்து மறைந்துபோனது. சுப்பர்மேனும் பெட்மேனும் சண்டை பிடிக்க வேண்டுமென்றால் இரண்டு ஆட்கள் வேண்டாமா?

அந்த இரண்டு ஆட்களைக் கொடுத்தது நியூயோர்க்கில் இருந்த மேகோ கம்பனி. 1972 இல் 8 அங்குல சூப்பர் ஹீரோ வரிசையை ஆரம்பித்தது. உற்பத்தி ஹொங்கொங்கில். செலவைக் குறைக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: உடல் எல்லாருக்கும் ஒன்றே, தலையும் உடுப்பும் மட்டும் வேறு. இன்னொரு விசேஷமும் உண்டு. சுப்பர்மேனும் பெட்மேனும் டீசி கம்பனியின் சொத்து. ஸ்பைடர்மேனும் கெப்டன் அமெரிக்காவும் மார்வெல் கம்பனியின் சொத்து. மேகோ இரு தரப்பிடமும் உரிமம் வாங்கி, எல்லாரையும் ஒரே வரிசையில் விற்றது. இன்று நமது சந்தைக் கடைகளில் பெட்மேனும் ஸ்பைடர்மேனும் ஒரே பொலித்தீன் பைக்குள் தொங்குவதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். அதை ஐம்பது வருடங்களுக்கு முன்னரே முறைப்படி பணம் கட்டிச் செய்திருக்கிறார்கள்.

மேகோ உருவங்களைச் சேகரிப்பவர்கள் எப்படி ஒப்பிடுகிறார்கள் என்று பார்த்தால், அது ஒரு வரலாற்றுப் பாடமாகவே இருக்கிறது. முதலில் வந்த பெட்மேனின் முகமூடியைக் கழற்ற முடியும். கொஞ்ச காலத்தில் தலையோடு சேர்த்து வார்த்துவிட்டார்கள். ஆகவே கழற்றக்கூடிய முகமூடி இருந்தால் அது ஆரம்ப காலத்தது, கிடைப்பதும் அரிது. முதுகில் ஆண்டு பொறித்திருக்கும். ஆனால் அதை நம்பி ஏமாறக் கூடாது. 1974 என்று பொறித்த உடல் அதற்குப் பின் வந்த வருடங்களிலும் தொடர்ந்து வார்க்கப்பட்டது. அந்த ஆண்டு அச்சு பதிவான ஆண்டு, பொருள் செய்யப்பட்ட ஆண்டல்ல. ஒரு பொருளில் எழுதியிருக்கும் திகதியும் அந்தப் பொருளின் திகதியும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கல்வெட்டையும் நாணயத்தையும் படிப்பவர்களுக்கு இருக்க வேண்டிய அதே எச்சரிக்கை இது.

மேகோவின் வீழ்ச்சிக்கு ஒரு மறுப்பும் காரணம் என்பார்கள். ஸ்டார் வோர்ஸ் படத்தின் விளையாட்டுச் சாமான் உரிமம் அவர்களைத் தேடி வந்தபோது வேண்டாம் என்றார்கள். கென்னர் கம்பனி எடுத்துக்கொண்டது. 1977 இல் படம் வந்து ஓடு ஓடென்று ஓடியது. நத்தார் பண்டிகைக்குச் சாமான் தயாராகவில்லை. உருவங்களைப் பிறகு அனுப்புவோம் என்ற சான்றிதழோடு வெறும் அட்டை உறையை விற்றார்கள். சனங்கள் அதையும் வாங்கினார்கள். 1978 இல் வந்த அந்த உருவங்களின் உயரம் 3¾ அங்குலம். சிறிய உருவத்துக்குப் பிளாஸ்டிக் குறைவு, விலை குறைவு. ஒரு பிள்ளை ஒன்றல்ல, பத்து வாங்கும். வாகனங்களையும் அதே அளவுக்குச் செய்யலாம். துணி உடுப்புப் போட்ட 8 அங்குல வீரர்களின் காலம் அத்தோடு முடிந்தது. 1980களின் தொடக்கத்தில் மேகோ வங்குரோத்தானது.

1984 ஒரு முக்கியமான வருடம். டீசி வீரர்களைக் கென்னரும் மார்வெல் வீரர்களை மெட்டலும் ஒரே நேரத்தில் வெளியிட்டார்கள். கென்னரின் சுப்பர்மேனுடைய கால்களை அழுத்தினால் கை குத்தும். ஒவ்வொருவருக்கும் தனித் தனி உடல், தனித் தனி அசைவு. மெட்டல் ஒரே உடல் அச்சைப் பலருக்கும் பயன்படுத்தியது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது கவனமெடுத்துச் செய்யப்பட்டது என்று பிள்ளையும் சொல்லும். ஆனால் வரலாற்றில் பெரிய விடயம் வேறு. மெட்டலின் சாமான் விற்பதற்கு மார்வெல் ஒரு கதை எழுத வேண்டியிருந்தது. "சீக்ரட் வோர்ஸ்" என்ற 12 இதழ்க் கதை அப்படி வந்தது. அந்தப் பெயரையும் பிள்ளைகளுக்கு எந்தச் சொற்கள் பிடிக்கும் என்று மெட்டல் விசாரித்துப் பார்த்த பிறகே தெரிவு செய்தார்கள். வழக்கமாகக் கதைக்குச் சாமான் வரும். இங்கே சாமானுக்குக் கதை வந்தது.

இனி நம்மை அதிகம் யோசிக்க வைத்த இடத்துக்கு வருவோம்.

1990களில் மார்வெல் உருவங்களைச் செய்தது டோய் பிஸ் என்ற கம்பனி. சீனாவில் செய்து அமெரிக்காவுக்கு இறக்குமதி செய்தார்கள். அன்றைய அமெரிக்கச் சுங்க அட்டவணையில் "பொம்மை" என்றால் 12 வீதத் தீர்வை. "ஏனைய விளையாட்டுச் சாமான்" என்றால் 6.8 வீதம். சட்டப்படி, மனிதனைக் குறிக்கும் உருவம் மட்டுமே பொம்மை. மிருகம், அரக்கன், ரோபோ எல்லாம் விளையாட்டுச் சாமான். ஆகவே பணத்தை மிச்சப்படுத்த ஒரே வழி, எக்ஸ்-மென் மனிதர்கள் அல்ல என்று நிரூபிப்பது. கம்பனி வழக்குப் போட்டது.

எக்ஸ்-மென் யார் என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறோம். 1963 இல் ஸ்டான் லீயும் ஜெக் கேர்பியும் உருவாக்கிய பாத்திரங்கள். பிறப்பிலேயே விசித்திரமான சக்திகள் உள்ளவர்கள். அதனாலேயே மற்றவர்கள் அவர்களைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், வெறுக்கிறார்கள், பட்டியல் போடுகிறார்கள். "நாங்களும் மனிதர்கள்தான்" என்று அவர்கள் போராடுவதுதான் கதையின் உயிர். சிறுபான்மையாக வாழும் எவருக்கும் அந்தக் கதை புரியும், நமக்கு விளக்கம் தேவையில்லை.

நியூயோர்க்கில் உள்ள சர்வதேச வர்த்தக நீதிமன்றத்தில் நீதிபதி ஜூடித் பார்சிலே அந்த உருவங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நகங்கள், சிறகுகள், உணர்கொம்புகள், இயந்திரக் கைகள். மேசையில் வைத்து ஒப்பிடும் நமது தரம் ஏழு பிள்ளைகள் செய்த அதே வேலையைச் சட்டப் புத்தகத்தோடு செய்தார். 2003 ஜனவரியில் தீர்ப்பு வந்தது: இவை மனிதர்கள் அல்ல, ஆகவே பொம்மைகளும் அல்ல. கம்பனி வென்றது. நாற்பது வருடங்களாக அந்தக் கதைகளைப் படித்து வளர்ந்த இரசிகர்கள் மனம் நொந்துபோனார்கள். தங்களுடைய நாயகர்களை மனிதர்கள் அல்ல என்று வாதாடியது எதிரி அல்ல, அவர்களை வைத்துப் பிழைக்கும் கம்பனி. இது இரண்டாவது மறுப்பு: இது மனிதனும் அல்ல. காரணம் 5.2 வீதம்.

இதில் நீதிபதியைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் முன்னால் இருந்தது சட்டத்தின் ஒரு சொல், அதற்கு அவர் பொருள் சொன்னார். பின்னர் 2007 இல் சர்வதேசப் பண்டக் குறியீட்டு முறை திருத்தப்பட்டபோது பொம்மையும் ஏனைய விளையாட்டுச் சாமானும் ஒரே தலைப்புக்குள் வந்துவிட்டன. நம் நாட்டுச் சுங்கமும் பின்பற்றுவது அந்த முறையைத்தான். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய தேவையே பிறகு குறைந்துபோனது.

மூன்றாவது மறுப்பு வளர்ந்தவர்களுடையது. 1994 இல் டொட் மெக்ஃபார்லேன் என்ற ஓவியர் தன் கம்பனி மூலம் நுணுக்கமாகச் செதுக்கிய உருவங்களை வெளியிட்டார். வாங்கியவர்களில் பெரியவர்கள் நிறையப் பேர். 2002 இல் டோய் பிஸ்ஸின் மார்வெல் லெஜன்ட்ஸ் வரிசை வந்தது. 6 அங்குலம், விரல் வரை மடியும் மூட்டுகள். ஹொங்கொங்கின் ஹொட் டோய்ஸ் கம்பனி நடிகரின் முகத்தையே தத்ரூபமாகக் கொண்டுவந்தது. இப்போது பெட்டி திறக்காமல் இருந்தால் ஒரு விலை, திறந்திருந்தால் வேறு விலை. அட்டையின் மூலை மடிந்தால் புள்ளி குறையும். அந்தப் புள்ளியைப் போட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்துக் கொடுப்பதற்கென்றே நிறுவனம் இருக்கிறது. எக்ஸ்-மென் தீர்ப்பு வந்த அதே 2003 இல், ஜி.ஐ. ஜோவின் முதல் மாதிரி உருவம் 200,000 டொலருக்கு விற்பனையானது. பொம்மை அல்ல, மனிதன் அல்ல, இப்போது விளையாட்டுச் சாமானும் அல்ல. சொத்து.

சேகரிப்பைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரு வரிசையை முழுமையாக்க வருடக் கணக்கில் தேடுபவருக்கு இருக்கும் பொறுமையும் நுணுக்கமான பார்வையும் நாம் வகுப்பில் பிள்ளைகளிடம் எதிர்பார்ப்பவைதான். அவர்கள் பாதுகாக்காவிட்டால் மேலே சொன்ன வரலாற்றில் பாதி நமக்குக் கிடைத்திருக்காது. நாம் சொல்வது ஒன்றுதான். ஒரு பொருளுக்கு யார் பெயர் வைக்கிறார்கள், ஏன் வைக்கிறார்கள், அதனால் யாருக்கு இலாபம் என்று கேட்கப் பழக வேண்டும். பிளாஸ்டிக் வீரனில் பழகினால், பத்திரிகையிலும் தேர்தல் மேடையிலும் ஒரு மனிதக் கூட்டத்துக்கு வைக்கப்படும் பெயரிலும் அதே கேள்வியைக் கேட்க வரும்.

உருவங்களை வீட்டில் வைப்பது பற்றிய மார்க்கச் சட்டத்தை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அது நமது துறை அல்ல. ஆனால் ஹதீஸில் பதிவான ஒரு சம்பவம் எல்லோருக்கும் தெரிந்ததே. அன்னை ஆயிஷா (ரழி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு நடுவே துணிச் சிறகு வைத்த குதிரை ஒன்று இருந்தது. குதிரைக்குச் சிறகா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகு இருந்ததைக் கேள்விப்பட்டதில்லையா என்று பதில் வந்தது. நபியவர்கள் சிரித்தார்கள். சிறகு இருந்தால் அது குதிரையா இல்லையா என்ற வழக்கு அந்த வீட்டில் எழவில்லை.

அடுத்த நாள் அந்த இரண்டு பிள்ளைகளிடமும் உருவங்களைக் கொண்டுவரச் சொன்னோம். காலடியில் என்ன எழுதியிருக்கிறது, எத்தனை மூட்டு, வார்த்த கோடு எங்கே ஓடுகிறது, எந்த நாட்டில் செய்தது என்று கொப்பியில் குறித்தார்கள். ஸ்பைடர்மேனுக்கும் பெட்மேனுக்கும் கழுத்துக்குக் கீழே ஒரே உடல் என்று கண்டுபிடித்தபோது அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மேகோவின் தந்திரம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

உங்கள் வீட்டு அலுமாரியிலும் பழைய உருவம் ஏதும் கிடந்தால் எறிந்துவிடாமல் பிள்ளையோடு உட்கார்ந்து திருப்பிப் பாருங்கள். முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று கீழே எழுதுங்கள். அந்தத் திகதியை மட்டும் உடனே நம்பிவிடாதீர்கள்.