ஆற்காட்டுக்காரரும் அரை டன் தியோடலைட்டும்

மேற்பார்வையாளர் என்றால் யார்? நம் ஊர்களில் கேட்டால், வேலை செய்யாமல் வேலை வாங்குபவர் என்று சொல்வார்கள். இந்த விளக்கத்தைக் கற்றுக்கொடுத்தது சாதி. கையில் அழுக்குப் படாதவன் மேலே நிற்பான், படுபவன் கீழே நிற்பான். ஆனால் துல்லியக் கருவி செய்யும் தொழிலில் இந்தக் கணக்கு உதவாது. அங்கே கை அறியாததைக் கண்ணால் மேற்பார்வை பார்க்க முடியாது. 19ஆம் நூற்றாண்டின் நில அளவை வரலாற்றில் இதை நன்றாகப் பார்க்கலாம்.

1802இல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு ஒன்றை அளந்து, வில்லியம் லாம்டன் முக்கோண அளவையைத் தொடங்கினார். பின்னாளில் இமயம் வரை நீண்ட மாபெரும் முக்கோணவியல் நில அளவை இங்கிருந்துதான் கிளம்பியது. அதன் முதன்மைக் கருவி, இலண்டனில் கேரி என்பவரின் பட்டறையில் செய்த தியோடலைட். எடை ஏறத்தாழ அரை டன், வட்டத் தட்டின் விட்டம் 36 அங்குலம். 1808இல் தஞ்சைக் கோயில் கோபுரத்தில் அதை ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதியதில் தட்டு நெளிந்துபோனது. லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்து, வாரக்கணக்கில் அதைத் தட்டித் தட்டி நேராக்கினார். (கோபுர உச்சிக்குக் கருவி போனது 1808இல். ஆலய நுழைவுச் சட்டம் வர 1939 ஆனது.)

தட்டு நெளிந்தால் என்ன குடி முழுகிவிடும்? அந்தத் தட்டின் விளிம்பில் பாகைகளைக் கோடுகளாகக் கீறியிருப்பார்கள். ஒரு பாகையில் 3600 விகலைகள். 36 அங்குலத் தட்டில் ஒரு விகலைக்குக் கிடைக்கும் இடம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. நம் தலைமயிரை முப்பதாகப் பிளந்தால் வரும் கனம்தான் அது. அந்த அளவு பிசகினாலே, 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மலையுச்சி வரைபடத்தில் அரை மீட்டர் நகர்ந்துவிடும். ஆகவே இந்தக் கோடுகளைக் கீறியவர் யார் என்பது சின்னக் கேள்வி இல்லை.

சையத் மீர் மோசின் உசேன் ஆற்காட்டுக்காரர். நகை, கடிகாரத் தொழிலில் கை தேர்ந்தவர். நில அளவைத் தலைவராக இருந்த வேலண்டைன் பிளாக்கர் அவரை 1820களில் கல்கத்தாவுக்கு அழைத்துப் போய், கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் அமர்த்தினார். அடுத்து வந்த ஜார்ஜ் எவரெஸ்ட், இலண்டனில் இருந்து ஹென்றி பாரோ என்ற கருவித் தொழிலாளரை வரவழைத்தார். 1830இல் கல்கத்தாவில் கருவிப் பட்டறை நிலைபெற்றது. தஞ்சையில் அடிபட்ட தியோடலைட்டையும் பாரோதான் பிரித்துப் புதுப்பித்தார். திறமைசாலிதான், ஆனால் எவரெஸ்ட்டோடு ஒத்துப்போகவில்லை. 1839இல் பணியிலிருந்து நீங்கினார்.

அவர் இடத்துக்கு மோசின் உசேனை எவரெஸ்ட் முன்மொழிந்தார். இங்கேதான் விஷயம் சிக்கியது. கருவிகளை அவர் கையில் கொடுப்பதில் யாருக்கும் தயக்கம் இல்லை. வட்டத் தட்டுகளில் பாகைக் கோடுகளை மறுபடி கீறும் உச்சபட்ச நுட்ப வேலையையே அவரை நம்பித்தான் ஒப்படைத்தார்கள். ஆனால் ‘கணிதக் கருவி செய்பவர்’ என்ற பதவிப் பெயரை ஒரு சுதேசிக்குத் தர இலண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர்கள் எளிதில் ஒப்பவில்லை. அவருக்கு ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரியாது என்பது ஒரு காரணம். தட்டில் கோடு கீற ஆங்கிலம் எதற்கு என்று நாம் கேட்கலாம். 1840களில்தான் அந்தப் பதவி அவருக்கு உறுதியானது. எவரெஸ்ட்டும் 1847இல் வெளியிட்ட தம் நூலில் அவர் திறனை வெளிப்படையாகப் பாராட்டினார்.

மோசின் உசேனை நம்மவர் என்று உரிமை கொண்டாட நாம் இதை எழுதவில்லை. சையத் என்ற பெயருக்கு அவர் சமூகத்தில் தனி மதிப்பு உண்டு. அண்ணல் அம்பேத்கர் காட்டிய படிநிலைச் சமத்துவமின்மை ஒரு பட்டறைக்குள் எப்படி வேலை செய்தது என்பதையே பார்க்கிறோம். அந்த ஏணியில் வெள்ளைக்காரத் தலைவருக்குக் கீழே அவர் இருந்தார். அவருக்கும் கீழே கலாசிகள் இருந்தார்கள். அரை டன் பெட்டியை மலை மேல் ஏற்றியவர்களும், காய்ச்சல் காடுகளில் கொத்துக்கொத்தாகச் செத்தவர்களும் இவர்கள்தான். ஐ.டி.ஐ. முடித்து லேத் பட்டறையில் நிற்கும் தம்பிகள் எங்களிடம் சொல்வதும் இதே கதைதான். மைக்ரோமீட்டர் பிடிக்கக் கை வேண்டும், சூப்பர்வைசர் நாற்காலிக்கு வேறு ஆள் வருவார்.

கலாசிகளுக்காக ஒரு குரல் எழுந்தது பதிவாகியிருக்கிறது. 1843இல் டேராடூன் மாஜிஸ்திரேட் வான்சிட்டார்ட், நில அளவைத் தொழிலாளர்களைப் பிடித்துக் கூலியில்லாமல் தம் மூட்டைகளைச் சுமக்க வைத்தார். நம் ஊர் மொழியில் வெட்டி வேலை. கணக்கீட்டுப் பிரிவில் இருந்த ராதாநாத் சிக்தார் அந்த மூட்டைகளைப் பிடித்து வைத்துக்கொண்டு, எழுத்தில் கேள்வி கேட்டார். சிக்தார் பிறப்பால் பிராமணர். அதையும் சொல்லத்தான் வேண்டும். வழக்கு நடந்தது, சிக்தாருக்கு 200 ரூபாய் அபராதம் விழுந்தது. 1851இல் வந்த நில அளவைக் கையேட்டில் அவர் பங்கைக் குறிப்பிட்டு நன்றி சொல்லியிருந்தார்கள். அவர் இறந்தது 1870இல். 1875இல் வந்த மூன்றாம் பதிப்பில் அந்த நன்றி இல்லை. செய்தித்தாளில் கண்டனம் எழும் அளவுக்கு அது பேசப்பட்டது. அவர் யாருக்காக 200 ரூபாய் கட்டினாரோ அந்தச் சுமையாட்களின் பெயர்கள் எந்தப் பதிப்பிலும் இருந்ததில்லை.