படியேறித் திரும்பிய பாட்டு

சென்ற வாரம் சலில் சௌத்ரியைக் கல்கத்தாவில் ஹேமந்த முகர்ஜி வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுப் போனேன். வாரம் முழுக்கப் பொறுத்திருந்தீர்கள். வாருங்கள், உள்ளே போவோம்.

செம்மீனுக்கு இசையமைத்த சலிலைத்தான் நமக்குத் தெரியும். இன்று அந்த வீட்டுக்குள் நுழைகிறவர் அவரல்ல. இவர் மக்கள் நாடக மன்றத்து இளைஞர். விவசாயிகளின் கூட்டங்களில் பாடிப் பாடித் தொண்டை காய்ந்தவர். கையில் காசில்லை. வாயில் பாட்டுக்குக் குறைவில்லை.

எதிரே இருப்பவர் யார்? பத்தாண்டுக்கு மேலாகக் கொலம்பியா இசைத்தட்டுகளில் பாடிவரும் ஹேமந்தர். ரவீந்திரரின் பாடல்கள் அவர் குரலில் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்திருந்தன.

சலிலுக்கு அந்தக் குரல் வேண்டும். கூட்டம் கலைந்தால் அங்கே பாடிய பாட்டும் கலைந்துபோகும். இசைத்தட்டு அப்படியில்லை. கூட்டத்துக்கே வராதவன் வீட்டிலும் அது சுழலும்.

பாடிக் காட்டினார். ஒன்று, இரண்டு, இன்னும் சில.

ஹேமந்தர் பொறுமையாகக் கேட்டார். பிறகு மறுத்துவிட்டார்.

ரசனை இல்லாமல் மறுக்கவில்லை. அந்த மன்றத்து மேடையில் அவரும் பாடியவர்தான். அந்தப் பாட்டுகளின் சூடு அவருக்குத் தெரியும். அதனாலேயே, இவற்றை எந்த நிறுவனமும் தட்டில் ஏற்றாது என்பதும் தெரியும். வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

சலில் விடைபெற்றார். படியிறங்கினார்.

பாதிப் படியில் கால் நின்றது.

ஒரு பாட்டு நினைவுக்கு வந்தது. முழுப் பாட்டுகூட இல்லை, பாதி எழுதிக் கிடப்பில் போட்டது. கொடி பிடிக்காத, கோஷம் போடாத பாட்டு. ஏதோ ஒரு கிராமத்து மருமகளின் கதை. கூட்டத்தில் பாட அது உதவாது என்று அவரே ஒதுக்கி வைத்திருந்தார்.

திரும்பிப் படியேறினார்.

பாடினார். நெல் விளையும் ஊர், நிறைந்த வீடு, அதில் ஒரு பெண். இன்பம் ததும்பும் அந்த இடத்தில் பாட்டு நின்றது. மேற்கொண்டு அவர் எழுதவில்லை.

ஹேமந்தர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முடித்துக்கொண்டு வா என்றார். இது ஒரு பக்கத்தில் அடங்காது, தட்டின் இரண்டு பக்கமும் இந்த ஒரே கதைதான் என்றார்.

எவ்வளவு துணிச்சல் பாருங்கள்! 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கம் ஓடுவது மூன்று நிமிடமும் கொஞ்சமும்தான். பக்கத்துக்கொரு பாட்டு என்பதே வழக்கம். பெயர் தெரியாத ஓர் இளைஞனின் முடியாத பாட்டுக்கு முழுத் தட்டையும் எழுதிக் கொடுத்தார் ஹேமந்தர்.

சலிலுக்கு இனித் தூக்கம் ஏது? அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்பதை வங்கமே அறியும். 1943 பஞ்சத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வாரிக் கொடுத்த மண் அது. நெல் இருந்த வீட்டுக்குள் பசி நுழைந்தது. பாட்டும் அங்கே போய்த்தான் ஆகவேண்டும். எழுதி முடித்தார். ஹேமந்தரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அத்தோடு ஆள் மறைந்தார்.

கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டிருந்த காலம். தோழர்களைத் தேடிப் போலீஸ் அலைந்தது. சலில் தலைமறைவானார்.

ஹேமந்தர் கையில் இப்போது சொல்லும் மெட்டும் இருக்கின்றன, எழுதியவர் இல்லை. இன்பத்திலிருந்து பஞ்சத்துக்குப் பாட்டு புரளும் அந்த நொடியில் எந்த வாத்தியம் எழ வேண்டும், எது அடங்க வேண்டும்? கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை. இசைக்கோப்பை அவரேதான் செய்தாக வேண்டும். பிசகினால் அவர் பெயரோடு சலிலின் முதல் வாய்ப்பும் சேர்ந்து போகும்.

காத்திருக்கலாம். சலில் வெளியே வரட்டும் என்று தள்ளிப்போடலாம். யாரும் குறை சொல்லப்போவதில்லை.

ஹேமந்தர் காத்திருக்கவில்லை. பாட்டை எடுத்துக்கொண்டு ஒலிப்பதிவுக்குக் கிளம்பிவிட்டார்.

1949-இல் அந்தத் தட்டு வெளிவந்தபோது வங்கம் என்ன செய்தது? மறைந்து திரிந்த சலிலின் காதுக்கு அவருடைய பாட்டு எப்படி வந்து சேர்ந்தது?

அடுத்த வாரம் சொல்கிறேன்.