மன்னார்க் கரையின் சாயவேர்

சில மாதங்களுக்கு முன்னர் பல்கலைக்கழக நகரொன்றில் இளம் ஆடை வடிவமைப்பாளர் சிலரின் ஆக்கங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. மண்டபத்தின் நடுவே நீண்டதொரு மேடை. இரு மருங்கும் மாணவர் கூட்டம். வடிவமைத்தவர்களின் தோழர் தோழியரே ஆடைகளை அணிந்து நடந்து வந்தனர். இத்தகைய காட்சிகள் எமது தலைமுறைக்குப் புதியனவல்ல. கொழும்பில் 2003ஆம் ஆண்டு தொடக்கம் ஆடைக்காட்சி வாரம் நடைபெற்று வருகின்றது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஆடை வடிவமைப்பு ஒரு பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகின்றது. ஆயினும் அன்று கண்டவற்றுள் ஒரு கைத்தறிச் சேலை மட்டும் மனத்தை விட்டகலவில்லை. காரணம் அதன் செந்நிறம். இயற்கைச் சாயம் என்றார்கள். சாயம் எங்கிருந்து பெறப்பட்டது என வினவினேன். இந்தியாவிலிருந்து தருவித்த மஞ்சிட்டித் தூள் என்று விடை வந்தது. மன்னாரைப் பிறப்பிடமாகக் கொண்ட எனக்கு அவ்விடை ஒரு முரணாகவே பட்டது. ஏனெனில் அதனையொத்த செந்நிறம் ஒரு காலத்தில் மன்னார் மணலிலிருந்தே கப்பலேறிச் சென்றது.

மன்னார் என்றதும் வரலாற்று மாணவர் நினைவுக்கு வருவது முத்து. அது இயல்பே. சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய இடங்களின் முத்துக்குளிப்பைப் பற்றி எழுதாத ஐரோப்பியப் பயணி அரியன்; அரிப்பில் தேசாதிபதி நோர்த் கட்டுவித்த மாளிகையின் இடிபாடு இன்றும் கடலரிப்புக்கு இரையாகி நிற்கின்றது; 1905ஆம் ஆண்டுக் குளிப்பிலே எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் கரையேறின. முத்தின் ஒளி இத்துணைப் பெரிதாக இருந்தமையாற்போலும், அதே கரையின் மணலுக்குள் கிடந்த வேரொன்று எம்மவர் கண்ணிற் படாது போயிற்று.

அவ்வேரின் பெயர் சாயவேர். வைத்தியர் இச்செடியை இம்பூறல் என்பர். இருமலில் இரத்தம் கண்டால் கொடுக்கும் மருந்து. மணற்பாங்கான கரையோரங்களில் நிலத்தோடு படர்ந்து வளரும் சிறு பூண்டு. மேலே பார்ப்பவனுக்கு ஒரு களை. கீழே மெல்லிய நீண்ட வேர். சாயம் வேரின் புறத்தோலிலேயே உள்ளது. பயிரிட்ட செடியினும் தானே முளைத்த செடியின் வேர் குட்டையானது. ஆனால் நிறத்தில் அதுவே உயர்ந்தது. சிப்பியோடு கலந்த மணலின் சுண்ணாம்புச் சத்து இச்சிவப்பைத் துலக்குகின்றது என ஆய்வாளர் கிருஷ்ணை ஆற்று முகத்துவார வேரைப் பற்றிக் கூறுவர். அக்கூற்று மன்னார்க் கரைக்கும் பொருந்துமெனக் கொள்வதில் தவறில்லை. சிப்பிக்கு அங்கே என்ன குறை!

வேரை அவித்த நீரில் துணியைத் தோய்த்தால் மட்டும் சிவப்பு நிலைக்காது. முதலிற் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் துணியை ஊறவைத்து உலர்த்துவர். பின்னர் சிவக்கவேண்டிய இடங்களில் மட்டும் படிகார நீரால் எழுதுவர். அதன்மேல் சாயவேர் நீரிலிட்டுக் காய்ச்சினால், படிகாரம் பட்ட இடம் மட்டும் நிறத்தைப் பற்றிக்கொள்ளும். பிற இடங்களில் ஏறிய மங்கல் நிறம் சாணநீரிலும் வெயிலிலும் வெளுத்துப் போகும். துவைக்கத் துவைக்க இச்சிவப்பு பொலியும் என்பதே ஐரோப்பியரை மலைக்கச் செய்தது. அக்காலத்து ஐரோப்பியத் துணிகளின் அச்சு வண்ணம் சிலமுறை நீர் பட்டதும் கரைந்துவிடும். கேர்தூ என்னும் யேசுசபைத் துறவி சோழமண்டலக் கரையில் இருந்துகொண்டு, 1742இல், இத்தொழிலின் படிமுறைகளைத் தம் நாட்டவர்க்கு ஒவ்வொன்றாக எழுதி அனுப்பினார். எங்கள் 'சாயவேர்' என்ற சொல்லையும் அவர் அப்படியே ஒலிபெயர்த்து வைத்தார். தொழில் நுணுக்கத்தைக் கைப்பற்றும் முயற்சி இது என்பதை ஈண்டு மறைக்கவேண்டியதில்லை.

போர்த்துக்கேயர் 1560இல் மன்னார்த் தீவைக் கைப்பற்றினர். 1658இல் அது ஒல்லாந்தர் வசமாயிற்று. ஒல்லாந்தரோடு வந்து யாழ்ப்பாணத்தில் மதப்பணி ஆற்றிய பால்டேயஸ், 1672இல் வெளியிட்ட நூலில் இவ்வேரைக் குறித்துள்ளார். யாழ்ப்பாணக் கொமாண்டராக இருந்த சுவாடக்குறூன் 1697இல் தமக்குப்பின் வருவோர்க்கென விட்டுச்சென்ற நீண்ட குறிப்பேட்டில் யானை, முத்து முதலியவற்றோடு சாயவேரும் இடம்பெறுகின்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வலன்டைன் என்பாரும், சோழமண்டலக் கரையிற் சீத்தைத் துணி எழுதப் பயன்படும் வேர் என இதனைச் சுட்டுகின்றார். யாழ்ப்பாணத்தில் துணிக்குச் சாயமிடவும், கடல் கடந்து சோழமண்டலக் கரைக்கு அனுப்பவும் இவ்வேர் வேண்டப்பட்டது. மன்னார் வேருக்குத் தனி மதிப்பும் இருந்தது.

எமது பாட்டிமார் சீத்தை என்று சாதாரணமாகச் சொல்லும் பூத்துணிதான் பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவை ஆட்டிவைத்தது. பிரான்சு அரசு 1686இல் அதனைத் தடைசெய்தது. அத்தடை 1759 வரை நீடித்தது. 1719இல் இலண்டன் நகரத் தெருக்களில், வேலையிழந்த நெசவாளர், பூத்துணி அணிந்த பெண்களைத் துரத்தி ஆடைகளைக் கிழித்தனர். மையும் அமிலமும் வீசினர். 1721இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் அச்சிட்ட பருத்தி ஆடைகளை அணிவதற்கே தடை விதித்தது. ஒல்லாந்து மட்டும் தடை விதிக்கவில்லை. விற்பவர் அவர்களல்லவா? பிறீசுலாந்தின் ஹிண்டலோப்பன் போன்ற சிற்றூர்ப் பெண்களும் சீத்தை மேலங்கி அணிந்தனர். அந்நாளில் ஆடைக்காட்சி மேடை இருக்கவில்லை. தேவாலய வாசலும் தெருவுமே மேடை. உடைமோகம் என்பது இருபதாம் நூற்றாண்டின் விந்தையன்று.

இனி அவ்வேரைக் கிண்டியவர் யாவர் என்பதைப் பார்க்கவேண்டும். வரலாற்று நூல்கள் பெரும்பாலும் வேகமாகக் கடந்துவிடும் இடம் இதுவே. வேர்குத்துதல் எவரும் விரும்பி மேற்கொண்ட தொழிலன்று. குறித்ததொரு சாதியார்மேற் சுமத்தப்பட்ட கடமை. அவர்கள் கிண்டிய வேர் கம்பனிக்கே உரியது. விலை கம்பனி வகுத்தது. வேறு வணிகருக்கு விற்றலாகாது. ஆங்கிலேயர் வந்தபின்னரும் வேர் அரசிறை வருவாயாகத் தொடர்ந்தது. 1817இல் வெளிவந்த பேட்டலாச்சியின் பொருளாதார நூலில் அது இலங்கையின் வருவாய்த் துறைகளுள் ஒன்றாகப் பேசப்படுகின்றது. சாதி அடிப்படையிலான கட்டாய ஊழியம் 1832இல் சட்டப்படி நீக்கப்பட்டது. சட்டம் நீக்கியதைச் சமூகம் உடனே நீக்கிற்று என்று எவரும் சொல்லமாட்டார்.

அவர்கள் என்ன உடுத்தினர்? வடபகுதியில் ஒடுக்கப்பட்ட சாதியினர் தோளை மூடித் துணி போடுவதும் நகை அணிவதும் உயர்சாதியினரால் நெடுங்காலம் தடுக்கப்பட்டமை யாவரும் அறிந்தது. திருவிதாங்கூரில் இதே உரிமைக்காக நாடார் பெண்கள் பல்லாண்டு போராடி 1859ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் மூலமே மேலாடை அணியும் உரிமையைப் பெற்றனர். ஆகவே பாரிசுச் சீமாட்டியின் பாவாடைக்குச் செந்நிறம் தேடி மணலைத் தோண்டிய பெண்ணொருத்தி, தான் அந்நிறத்தைத் தோளில் இட்டிருப்பாள் என்று எண்ண இடமில்லை. இலண்டன் பெண்ணின் சீத்தையைக் கிழித்தது நெசவாளரின் பசி. மன்னார்ப் பெண்ணுக்கு அதனை மறுத்தது அவள் ஊராரின் அகந்தை. எமது சமூக வரலாற்றை எழுதப் புகுவோர் ஒல்லாந்தரைக் குற்றஞ்சாட்டிய அதே மூச்சில் இதனையும் சொல்லவேண்டும். சொல்லத் தயங்குவோரே பலர் என்பது என் கருத்து.

வேரின் வீழ்ச்சி வேதியியற் கூடத்தில் நிகழ்ந்தது. சிவப்பைத் தரும் அலிசரின் என்னும் பொருளை 1868இல் கிறேபே, லீபர்மான் என்ற ஜெர்மானியர் இருவர் செயற்கையாக ஆக்கிக் காட்டினர். மறு ஆண்டே அது தொழிலாகியது. ஐரோப்பாவின் மஞ்சிட்டி வயல்களை அழித்த அதே கண்டுபிடிப்பு, சாயவேரின் தேவையையும் இல்லாதாக்கியது. முத்துக்கும் இதுபோன்ற கதிதான்: 1925க்குப் பின் பெருங்குளிப்பு இல்லை, யப்பானிய வளர்ப்பு முத்து சந்தையை நிறைத்தது. ஆயினும் முத்துக்கு இரங்கியோர் பலர். வேரின் மறைவுக்கு இரங்கியவர் இலர். குத்தியவர்கள் மகிழ்ந்திருக்கவும் கூடும். ஆனால் கூலியற்ற நிலையில் அவர்கள் எங்கே போயினர் என்பதும் கேட்கத்தக்க கேள்வியே.

இலங்கையில் இருபதாம் நூற்றாண்டின் துணிக்கலை எழுச்சியிற் சாயவேருக்குப் பங்கு இருக்கவில்லை. 1960களில் ஏனா டி சில்வா பத்திக் கலைக்கும் பார்பரா சன்சோனி கைத்தறிக்கும் புதுவாழ்வு அளித்தனர்; 1970 முதல் 1977 வரையான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம் உள்ளூர்த் துணிக்குச் சந்தை தந்தது. 1977க்குப் பின் வந்தது தைத்த ஆடைத் தொழில். 1992இல் இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் வந்தது. 2009இல் போர் முடிந்தபின் வடமாகாணத்திலும் தொழிற்சாலைகள் எழுந்தன. எம் பெண்கள் அங்கே தைப்பது பிறர் வரைந்த வடிவங்களை. இதனால்தான் அன்றைய காட்சியை விளையாட்டாகக் கருத என்னால் இயலவில்லை. வரைபவர் வரிசையில் எம்மவர் சிலர் நிற்கத் தொடங்கியுள்ளனர்.

காட்சி முடிந்தபின் அச்சேலையை ஆக்கிய மாணவியிடம் சாயவேரைப் பற்றிச் சொன்னேன். செடி இன்னும் அங்கு கிடைக்குமா என்று கேட்டார். மன்னார் மணலைப் பற்றி இன்று பேசுவோர் அதன் கனிமத்தைப் பற்றியும் அதன்மேல் நிறுத்தும் காற்றாலைகளைப் பற்றியுமே பேசுகின்றனர். விடுமுறையில் ஊர் போகும்போது தேடிப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

இலண்டன் விக்ரோறியா அல்பேட் நூதனசாலையில் பதினெட்டாம் நூற்றாண்டுச் சீத்தைகள் பல உள்ளன. படங்களிற் பார்த்தாலும் அவற்றின் சிவப்பு மங்கவில்லை என்பது தெரிகின்றது. எந்த மணலின் வேர் எந்தப் பூவைச் சிவக்க வைத்தது என்று எவராலும் சொல்ல முடியாது. விளக்கக் குறிப்பில் சோழமண்டலக் கரை என்றே எழுதியிருக்கின்றது.