கோட்டைக்குள் ஒரு விடுதி

காரைநகர்த் துறையிலிருந்து ஊர்காவற்றுறைக்குப் 'பாதை'யில் போகிறவர்களுக்கு அந்தக் கோட்டை தெரியும். பாதை என்றால் எங்கள் பக்கத்தில் தெரு மட்டுமல்ல. ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு கடலைக் கடக்கிற மிதவையும் பாதைதான். அதில் நின்று பார்த்தால், கடலின் நடுவே தண்ணீரிலிருந்து நேரே எழும்பியதுபோல ஒரு எண்கோணக் கற்கோட்டை நிற்கும். இன்று அது ஓர் உல்லாச விடுதி. போர் 2009 இல் முடிந்தபின் கடற்படையினர் அப்படி ஆக்கினார்கள், நடத்துகிறவர்களும் அவர்களே. பணம் கட்டுகிறவரைப் படகில் ஏற்றிக்கொண்டுபோய் உள்ளே விடுவார்கள். நான்கு பக்கமும் கடல். இரவு முழுக்க அலைச்சத்தம். அமைதியைத் தேடுகிறவருக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் அந்த இடத்தில் முன்பு தங்கியவர்கள் யார் என்று கேட்டுப் பார்க்கத் தோன்றுகிறது.

பெயரிலிருந்தே தொடங்கலாம். ஹமன்ஹீல் என்பது ஒல்லாந்தர் வைத்த பெயர். உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித்தொடையின் குதிக்கால் என்று பொருள். தேசப்படத்தில் இலங்கைத் தீவு அவர்கள் கண்ணுக்குப் பன்றித்தொடையாகத் தெரிந்தது. அதன் ஒடுங்கிய முனையில் இந்தக் கோட்டை. ஈழத்துச் சிதம்பரம் இருக்கிற காரைநகருக்கு முன்னால் இப்படியொரு பெயர்! நம்மவர்கள் அதை வாயில் எடுக்கவில்லை. கடற்கோட்டை என்றார்கள், பூதத்தம்பி கோட்டை என்றார்கள்.

கோட்டை எழும்புவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்தத் துறைக்கு விருந்தினர் வந்திருக்கிறார்கள். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு உண்டு. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு 12 ஆம் நூற்றாண்டில் வெட்டுவித்தது. அதைப் படித்து விளக்கி எழுதியவர் பேராசிரியர் கா. இந்திரபாலா. பரதேசிகள் ஊராத்துறைக்கு வந்து தங்கவேண்டும், அவர்களுக்குக் காவல் கொடுக்கவேண்டும் என்பது அரசனின் ஆணை. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கென்றால் சரிபாதி. யானை, குதிரை வணிகனுக்குக் காட்டிய தாராளத்தில் அரசனின் தேவையும் கலந்திருந்தது என்பது உண்மைதான். ஆனாலும் உடைந்த கப்பலில் வந்தவன் கையை விரித்துக்கொண்டு திரும்பக்கூடாது என்று அரசன் நினைத்திருக்கிறான். ஊர்காவற்றுறையின் விருந்தோம்பல் சட்டம் இதுவே.

பின்னால் வந்தவர்கள் அனுமதி கேட்கவில்லை. 1619 இல் சங்கிலியைத் தோற்கடித்து யாழ்ப்பாண அரசைப் பிடித்த போர்த்துக்கேயர், வன்னி யானைகளை இத்துறையிலிருந்து கப்பலேற்றினார்கள். ஆங்கிலத்தில் வழங்கும் 'கைற்ஸ்' என்ற பெயரே துறைமேடை என்ற பொருளுடைய அவர்களுடைய சொல்லிலிருந்து வந்ததுதான். துறையைக் காக்கக் கடலுக்குள் கோட்டை கட்டினார்கள். பீரங்கிக்கு அஞ்சாத கோட்டை தாகத்துக்கு விழுந்தது. 1658 இல் ஒல்லாந்தர் வந்து வளைத்துக்கொண்டபோது, உள்ளே குடிக்க நல்ல தண்ணீர் இல்லாமல், சில நாட்களில் சரணடைந்தார்கள். சுற்றிவரக் கடல், நாவுக்கு ஒரு சொட்டில்லை. அந்தச் சுவர்களுக்குள் முதலில் அகப்பட்டுக்கொண்டவர்கள் அவற்றைக் கட்டியவர்களே.

அதே ஆண்டில்தான் பூதத்தம்பியின் கதையும். ஒல்லாந்தர் ஆட்சி தொடங்கியதும் அவர்களுக்கெதிரான சதியென்று சொல்லிச் சிலரைக் கொன்றார்கள். பூதத்தம்பி முதலியும் அவர்களில் ஒருவர். எங்கள் நாட்டு வழக்கு இதை வேறுவிதமாகச் சொல்லும். பூதத்தம்பியின் மனைவி அழகவல்லி மீது அந்திராசி கண் வைத்தான். அவள் அவமதித்து அனுப்பினாள். பழிவாங்க நினைத்தவன், ஊர்காவற்றுறைக் கோட்டை வேலைக்கு மரம் வேண்டுமென்று சொல்லி வெற்றுத்தாளில் பூதத்தம்பியிடம் கையெழுத்து வாங்கி, அதைத் துரோகக் கடிதமாக்கினான். கதை நடந்தபடியா என்று வரலாற்றாசிரியர் தர்க்கிக்கட்டும். கூத்துக் கொட்டகையில் விடிய விடிய அழுத சனத்துக்கு அந்தத் தர்க்கம் தேவைப்படவில்லை. கோட்டைக்கு ஒல்லாந்தர் வைத்த பெயரை மறந்து, கழுத்துக் கொடுத்தவனின் பெயரை நினைவு வைத்தார்கள்.

வெள்ளைக்காரர் 1795 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். பிறகு கோட்டைக்குப் போர் வேலை இல்லை, சிறைச்சாலை ஆயிற்று. 1971 கிளர்ச்சியில் பிடிபட்ட தெற்கத்து இளைஞர்கள் இங்கே அடைக்கப்பட்டார்கள். தங்கள் ஊரிலிருந்து இவ்வளவு தொலைவில், மொழி தெரியாத கடலின் நடுவில், அவர்கள் கேட்டதும் இன்று விருந்தினர் கேட்கிற அதே அலைச்சத்தம்தான். ஒருவருக்கு அது தாலாட்டு, மற்றவருக்குத் தண்டனை.

விடுதியில் அறையெடுத்தவர் ஒன்றைக் கவனித்தால் நல்லது. சாவியைப் போட்டுக் கதவைத் திறக்கிறார். யன்னலைத் தள்ளுகிறார். கதிரையை மேசையருகே இழுத்துப் போடுகிறார். அலுமாரியில் உடுப்பை வைத்துவிட்டுத் துவாயை எடுத்துக்கொண்டு குளிக்கப் போகிறார். காலையில் பாண் வருகிறது. சாவி, யன்னல், கதிரை, மேசை, அலுமாரி, துவாய், பாண் எல்லாம் போர்த்துக்கேயச் சொற்கள். கணக்கெழுதும் 'கந்தோர்' ஒல்லாந்தருடையது. கோட்டையை விட்டுப் போனவர்கள் எங்கள் வீட்டுக்குள் வந்து குடியிருக்கிறார்கள். அவர்களுக்கு நாங்கள் வாடகை கேட்பதுமில்லை. நாற்காலி என்று அழகான தமிழ் இருக்கக் கதிரை எதற்கு என்று ஒரு தமிழாசிரியர் எங்களைக் கடிவதுண்டு. அவரும் அப்போது கதிரையில்தான் இருந்தார்.

விடுதிக்காரரைக் குறை சொல்ல நான் வரவில்லை. காலியாகக் கிடந்து இடிவதைவிட ஆட்கள் புழங்குவது கோட்டைக்கு நல்லது. ஆனால் இக்கரையிலும் அக்கரையிலும் இருக்கிறவர்களுக்கு அது இன்னும் எட்டிப் பார்க்கிற இடமாகவே இருக்கிறது. சிறையாக இருந்தபோது உள்ளே போக எங்களுக்கு விருப்பமில்லை. விடுதியானபின் கையில் பணமில்லை. அங்கே ஒரு நாள் படுத்தெழும்பினேன் என்று சொல்லும் அயலவர் ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

கடைசியாக நான் பாதையில் போனபோது அந்திப்பொழுது. கோட்டைப் பக்கம் விளக்குகள் எரிந்தன. பக்கத்தில் சாமான் பையோடு நின்ற ஒரு தாயின் சேலையை இழுத்து, அவளுடைய மகன் கேட்டான்:

"அம்மா, அங்கை ஆர் இருக்கினம்?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பாதை கரையை அணைந்துகொண்டிருந்தது; இறங்குகிற அவசரம்.

"தங்க வந்த ஆக்கள், தம்பி. பையைப் பிடி."