தூபா: மரமேறிகளோடு கடல் கடந்த சொல்

மெக்சிக்கோவின் மேற்குக் கரையில் கொலிமா என்றொரு சிறிய மாநிலம் இருக்கிறது. அதன் தலைநகரத் தெருக்களிலும், வடக்கே புவெர்த்தோ வல்யார்த்தாவின் கடற்கரைச் சாலையிலும் பெரிய சுரைக்குடுக்கையைத் தோளில் சுமந்து தென்னம்பாளைச் சாறு விற்பவர்களைப் பார்க்கலாம். குடுக்கையைச் சரித்துக் குவளையில் ஊற்றி, மேலே நிலக்கடலையைத் தூவிக் கொடுப்பார்கள். விருப்பப்பட்டால் நறுக்கிய ஆப்பிளும் சேரும். அந்தப் பானத்துக்குப் பெயர் தூபா. விற்பவர் தூபேரோ. அந்த நாட்டில் பரவலாக வழங்கிய பழைய மொழி நாவாட்டல். பின்னால் ஆட்சியைப் பிடித்தது ஸ்பானியம். இரண்டிலும் பிறக்காத சொல் இது.

ஒலி ஒத்திருப்பதால் பித்தளை ஊதுகருவியான டியூபாவை இதற்கு உறவாக்கிவிடக் கூடாது. அது எக்காளத்தைக் குறித்த லத்தீன் சொல். நம் தூபாவின் பிறப்பிடம் பசிபிக்கின் மறுகரையில் இருக்கும் பிலிப்பைன்ஸ். அங்கே தகாலோக், விசயா மொழிகளில் துபா என்றால் தென்னை, நிப்பா முதலிய மரங்களின் பாளையைச் சீவி இறக்கும் கள். தகாலோக்கில் ஈற்றசையை அழுத்தி, தொண்டையில் சட்டென்று நிறுத்திச் சொல்ல வேண்டும். ஸ்பானிய நாவுக்கு அந்த நிறுத்தம் வராது. அது உதிர்ந்தது, அழுத்தம் முதல் அசைக்கு நகர்ந்தது, துபா தூபா ஆயிற்று. விற்பவரைக் குறிக்க ஸ்பானிய விகுதியையும் ஒட்டிக்கொண்டு தூபேரோ பிறந்தது.

ஐரோப்பியர் கையெழுத்தில் இந்தச் சொல் 1521இலேயே கிடைக்கிறது. மகெல்லனின் கப்பற்படையில் சென்ற இத்தாலியரான அந்தோனியோ பிகாஃபெத்தா, செபூவில் தங்கியிருந்தபோது ஊரார் சொற்களைக் கேட்டு ஒரு பட்டியல் எழுதினார். அதில் மதுவுக்கு நேரே ‘துபா நியோ நிப்பா’ என்று குறித்திருக்கிறார். துபா, நியோக் என்ற தென்னை, நிப்பா என்று தனித்தனியே சொல்லப்பட்டவை அவர் காதில் ஒரே தொடராக விழுந்திருக்க வேண்டும். சில வாரங்களுக்கு முன்பு வேறொரு தீவில் அதே கள்ளை அவர் ‘உராக்கா’ என்று எழுதியிருந்தார். அது ஆசியத் துறைமுகங்களெங்கும் உலவிய அரக் என்ற அரபுச் சொல்லின் திரிபு. வந்தவனோடு பேச ஒரு சந்தைச் சொல், வீட்டுக்குள் புழங்க ஒரு சொந்தச் சொல் என்று தீவுக்காரர்களிடம் இரண்டும் இருந்தன. பெருங்கடலைத் தாண்டிப் போய் நிலைத்தது வீட்டுச் சொல்தான்.

தாண்டியது எப்படி என்பதில்தான் இந்தச் சொல்லின் சிறப்பு இருக்கிறது. 1565இல் அந்திரேஸ் தே உர்தானேத்தா பிலிப்பைன்ஸிலிருந்து மெக்சிக்கோவுக்குத் திரும்பும் கடல்வழியைக் கண்டறிந்தார். அதுமுதல் 1815 வரை மணிலாவுக்கும் அக்காபுல்கோவுக்கும் இடையே பெருங்கப்பல்கள் ஓடின. பட்டு, பீங்கான், வாசனைப் பொருள்கள் கிழக்கே போயின; வெள்ளி மேற்கே வந்தது. சரக்கோடு சொற்களும் ஏறி இறங்கின. நாவாட்டல் மொழியின் காமோத்லி என்ற சர்க்கரைவள்ளி மணிலாவில் காமோத்தே ஆனது. கிழங்கு கூடையில் போகும். அதை நட்டவன் கூடப் போக வேண்டியதில்லை.

கள் அப்படிப் போகாது. இறக்கிய சில மணி நேரத்திலேயே நுரைக்கத் தொடங்கி, ஓரிரு நாளில் காடியாகிவிடும். மணிலாவிலிருந்து அக்காபுல்கோ போகவோ நாலு மாதத்துக்கு மேல், சில வேளை ஆறு மாதம்கூட ஆனது. ஆகவே துபாவை யாரும் பீப்பாயில் ஏற்றியிருக்க முடியாது. மெக்சிக்கோவில் அந்தப் பெயரோடு அது ஊற்றப்படுகிறது என்றால், பாளையைக் கட்டி, தட்டிப் பதமாக்கி, காலையும் மாலையும் ஏறிச் சீவத் தெரிந்த ஆள் அங்கே போயிருக்கிறான் என்று பொருள். வணிகத்தின் தடத்தைச் சொல்லும் சொற்கள் ஏராளம். இது மனிதர் போன தடத்தைச் சொல்லும் சொல்.

அந்த மனிதர்களை ஏடுகளில் தேடினால் எளிதில் கிடைக்கமாட்டார்கள். மணிலாக் கப்பலை மெக்சிக்கோவில் ‘சீனக் கப்பல்’ என்றே அழைத்தார்கள். அதில் வந்து இறங்கிய ஆசியர் எல்லோருக்கும் சீனோ என்று ஒரே முத்திரை. தகாலோக்கரும், சீனரும், மலாய்க்காரரும், வங்காளத்திலிருந்தும் மலபாரிலிருந்தும் அடிமைகளாக விற்கப்பட்டவர்களும் அந்த ஒரு சொல்லுக்குள் அடைபட்டார்கள். இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு, புவெப்லா நகரில் பக்தையாகப் புகழ்பெற்று 1688இல் இறந்த கத்தரீனா தே சான் ஹுவானும் ஏட்டில் சீனா, அதாவது பெண்பாற் சீனோதான். அடிமைகளாயிருந்த சீனோக்களுக்கு 1672இல்தான் விடுதலை கிடைத்தது. இவர்களுக்கு ஞானஸ்நானத்தில் இட்ட பெயர்களும் ஹுவான், பெத்ரோ, பிரான்சிஸ்கோ. அந்தப் பெயர்களை வைத்து ஊர் கண்டுபிடிக்க வழியில்லை.

ஏடு கலந்துவிட்டதைச் சொல் பிரித்துக் காட்டுகிறது. தென்னையும் பனையும் உள்ள எல்லா ஆசிய நாடுகளிலும் கள் உண்டு. ஆனால் பெயர் ஒன்றல்ல. மலாய்க்காரர் வாயில் அது துவாக். அவர்கள் மொழியில் தூபா என்றால் நீரில் நசுக்கிப் போட்டு மீனை மயக்கும் ஒரு செடி. கோவாப் பக்கத்துப் போர்த்துக்கீசியர் எழுதியது சுரா. தமிழர் போய்ச் சீவியிருந்தால் கள் என்றிருப்பார்கள். கொலிமாவில் நிலைத்தது துபா என்பதால், அங்கே மரமேறியவர்களில் முந்திநின்றவர்கள் பிலிப்பைன்ஸ் தீவினர் என்று துணிந்து சொல்லலாம்.

அவர்கள் போனதும் விரும்பிச் செய்த பயணம் அல்ல. கவீத்தேயிலும் பிற தளங்களிலும் கட்டாய உழைப்பில் கப்பல் கட்டவைக்கப்பட்டவர்களே மாலுமிகளாகவும் ஏற்றப்பட்டார்கள். ஸ்பானிய மாலுமியைவிடக் கூலி குறைவு, உணவும் குறைவு. காற்றைப் பிடிக்கக் கப்பல் வடபசிபிக்கின் குளிருக்குள் ஏறிப் போகும். வெப்ப நாட்டு உடுப்போடு இருந்தவர்கள் விறைத்துச் செத்தார்கள். மணிலாவில் பல ஆண்டுகள் இருந்த எர்னாந்தோ தே லோஸ் ரியோஸ் கொரோனெல் இதை ஸ்பானிய அரசுக்கே முறையிட்டிருக்கிறார். இத்தனையும் தாண்டி அக்காபுல்கோவில் இறங்கியவனுக்குத் திரும்பிப் போக மனம் வருமா?

வரவில்லை என்பதற்குக் கணக்கே உண்டு. கப்பல் தலைவரான செபாஸ்தியான் தே பினேதா 1619இல் அரசருக்கு எழுதிய அறிக்கையில், முந்தின ஆண்டு எஸ்பிரித்து சாந்தோ கப்பலில் போன 75 தீவுக்கார மாலுமிகளில் ஐந்து பேருக்கு மேல் திரும்பவில்லை என்று குறைப்படுகிறார். ஓடிப்போனவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதையும் சொல்கிறார்: கடலோரத்தில், குறிப்பாகக் கொலிமாப் பகுதியில், தென்னைமரத்திலிருந்து மது தயாரிக்கிறார்கள். மெக்சிக்கோவின் பழங்குடி மக்கள் அதற்குப் பழகி, ஸ்பெயினிலிருந்து வரும் திராட்சை மதுவை விட்டுவிடுகிறார்கள். அவர் சொன்ன தீர்வு, தீவுக்காரர்களைப் பிடித்துக் கப்பலேற்றி அனுப்புவது, தோப்புகளை எரித்துவிடுவது. ஒரு தொழில் எவ்வளவு வேரூன்றியது என்பதை, அதை ஒழிக்க நினைத்தவரின் கடிதத்தைவிடத் தெளிவாக வேறு ஏடு சொல்லிவிடாது.

கொலிமாவில் இதற்கு நிலமும் காலமும் கூடிவந்தன. மெக்சிக்கோவின் மேற்குக் கரையில் தென்னை ஊன்றப்பட்டதே 16ஆம் நூற்றாண்டில்தான். அந்தக் கரைத் தென்னைகள் பிலிப்பைன்ஸ் தென்னைகளுக்கு நெருங்கிய இனம் என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. கொள்ளைநோயில் பழங்குடியினர் மடிந்து, அவர்கள் உழைப்பில் நடந்த கொக்கோத் தோட்டங்கள் சரிந்துகொண்டிருந்தன. அந்த இடத்தில் தென்னை வந்தது. மரம் வைத்திருந்தவர் ஸ்பானியர், ஏறத் தெரிந்தவர் தீவுக்காரர். ஏடுகளில் ‘இந்தியோ சீனோ’ என்று பதிவான அந்த மரமேறிகளின் கைத்திறனுக்குத் தோப்புக்காரர்கள் போட்டி போட்டார்கள்.

தீவுக்காரர்கள் கள் இறக்குவதோடு நிற்கவில்லை. காய்ச்சி வடிக்கவும் தெரிந்தவர்கள். அந்தச் சாராயத்தை ஸ்பானியர் ‘வினோ தே கோக்கோஸ்’, அதாவது தேங்காய் மது, என்று எழுதினார்கள். கள்போலன்றி இது கெடாது. கழுதை முதுகில் ஏறி உள்நாட்டு வெள்ளிச் சுரங்க ஊர்கள்வரை போய் விற்றது. அதை வடித்த வாலையும் ஐரோப்பிய வாலை அல்ல. குடைந்த மரத்தண்டு ஒன்றை அடுப்பின்மேல் செப்புக் கலத்தில் நிறுத்துவார்கள். தண்டின் வாயில் குளிர்நீர் நிரம்பிய இன்னொரு கலம். உள்ளே எழும் ஆவி மேற்கலத்தின் அடியில் பட்டுக் குளிர்ந்து, நடுவே வைத்த அகப்பையில் சொட்டி, குழாய் வழியே வெளியே வரும். மெக்சிக்கோவின் உவிச்சோல் பழங்குடியினரிடம் இருந்த இதே வகை வாலையை ஆராய்ந்த புவியியலாளர் ஹென்றி புரூமன், அது கொலிமாவின் தீவுக்காரர்களிடமிருந்து போனதென்று 1944இல் எழுதினார். பின்வந்த தாவரவியலாளர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். கற்றாழை மதுவான மெஸ்கால், அதன் பிள்ளையான தெகீலா ஆகியவற்றின் வடிப்பு முறையே இந்தத் தென்னஞ்சாராயத்திலிருந்து கிளைத்தது என்பது அவர்கள் வாதம். ஸ்பானியர் வருமுன்பே அங்கே வடித்தல் இருந்தது என்போரும் உண்டு, வழக்கு முடியவில்லை. ஆனால் கொலிமாவை அடுத்த ஹலிஸ்கோ மாநிலத்தின் தெற்கு ஊர்களில் இன்றும் மரத்தண்டு வாலையில் மெஸ்கால் வடிக்கிறார்கள்.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே அரசு இந்தச் சாராயத்தின் மேல் கைவைத்தது. ஸ்பெயினின் மது வணிகத்துக்கு இது இடைஞ்சல் என்பதே காரணம். தடை போட்டார்கள், தோப்புக்காரர்கள் மனுப் போட்டார்கள். காலப்போக்கில் தென்னஞ்சாராயம் மறைந்தது. மலைக்காட்டில் ஒளித்து வடிக்கத் தோதான மெஸ்கால் அதன் இடத்தைப் பிடித்தது. எஞ்சியது காய்ச்சாத தூபா மட்டும். அதுவும் புளிக்குமுன் விற்கப்படும் இனிப்புப் பானமாகிவிட்டது. பிலிப்பைன்ஸில் கதை வேறு. அங்கே துபா என்றால் இன்றும் போதை உண்டு. லெய்த்தே, சமார் தீவுகளில் கண்டல் மரப்பட்டைத் தூள் போட்டுச் சிவக்க வைத்து, மாதக்கணக்கில் ஊறப்போட்டதற்கு பஹாலினா என்று பெயர். தகாலோக் நாட்டில் வடித்தெடுப்பது லம்பனோக். ஒரே சொல், இக்கரையில் கள், அக்கரையில் பதநீரை ஒட்டிய பானம். அக்கரைத் தூபாவின் பொருளை மாற்றியதில் நாக்கைவிடச் சட்டத்துக்கே பங்கு அதிகம்.

தூபா போன இடம் கொலிமா மட்டுமல்ல. மணிலாக் கப்பல் வழியில் தங்கும் குவாம் தீவில் சமோரோ மக்களும் தென்னங்கள்ளைத் தூபா என்கிறார்கள். கள் இறக்கும் வித்தையை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் ஸ்பானியரோடு வந்த பிலிப்பைன்ஸ் தீவுக்காரர்கள். ஆஸ்திரேலியாவின் வடமுனையில் டோரஸ் நீரிணைத் தீவுகளிலும் இதே சொல் வழங்குகிறது. 19ஆம் நூற்றாண்டில் முத்துக்குளிக்கப் போன மணிலாக்காரர்கள் கொண்டுபோனது அது. மூன்றும் வேறு வேறு இடங்கள், காலமும் வேறு. போன தொழிலாளி ஒருவனே.

மெக்சிக்கோ ஸ்பானியத்தில் இந்த வழியில் ஆராய வேண்டிய சொற்கள் இன்னும் உண்டு. கடற்கரை விடுதிகளில் ஓலை வேய்ந்த திறந்த பந்தலைப் பலாப்பா என்கிறார்கள். தகாலோக்கில் பலாப்பா என்பது தென்னை மட்டை. கீற்று முடைவதும் வேய்வதும் கைப்பழக்கத்தால் வருவது, மூட்டை கட்டி அனுப்ப முடியாதது. கடன்சொல் ஒன்றைக் கண்டால் எந்த மொழியிலிருந்து வந்தது என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்வது நம் வழக்கம். அது குறிக்கும் பொருள் தனியே பயணம் செய்யக் கூடியதா என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். இல்லை என்று விடை வந்தால், அந்தச் சொல்லைக் குடியேற்ற ஆவணங்களோடு வைத்துப் படிக்கலாம்.