எண்ணியவர் ஒருவர், விடை கண்டவர் வேறொருவர்: வான் கணக்கெடுப்புகளும் கரும் ஆற்றலும்

கரும் ஆற்றலின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் 1998-இல் தொடங்குகிறார்கள். அந்த ஆண்டில் இரண்டு ஆய்வுக் குழுக்கள், தொலைதூர சூப்பர்நோவாக்கள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருப்பதைக் கண்டன. பேரண்டம் விரிகிறது என்பதோடு, விரியும் வேகமும் கூடிக்கொண்டே போகிறது என்று தனித்தனியே அறிவித்தன. சால் பெர்ல்மட்டர், பிரையன் ஷ்மிட், ஆடம் ரீஸ் ஆகிய மூவருக்கும் இதற்காக 2011-இல் நோபல் பரிசு கிடைத்தது. விரிவை இப்படி வேகப்படுத்துவது எதுவோ, அதற்கு இடப்பட்ட பெயரே கரும் ஆற்றல். இந்த வரலாற்றில் பிழையில்லை. ஆனால் இது பாதிதான். மறுபாதி, விண்மீன் திரள்களை ஒவ்வொன்றாக எண்ணிக் குறித்துவைத்தவர்களுடையது. அவர்கள் தேடியது ஒன்று. அவர்கள் விட்டுச்சென்ற கணக்கிலிருந்து பின்வந்தவர்கள் எடுத்தது வேறொன்று. வான் கணக்கெடுப்புகளின் உண்மையான மதிப்பு இந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கலிபோர்னியாவில் ஹாமில்டன் மலைமேல் உள்ள லிக் வானாய்வகத்தில், 1940-களின் பிற்பகுதியில் 20 அங்குலத் தொலைநோக்கி ஒன்றின் வழியே வடவானத்தைக் கண்ணாடித் தகடுகளில் படம்பிடிக்கத் தொடங்கினார்கள். விண்மீன்களின் மெல்லிய இடப்பெயர்ச்சியை அளப்பதே நோக்கம். அதற்கு அசையாத பின்புலம் வேண்டும். வெகுதொலைவில் இருக்கும் விண்மீன் திரள்கள் அப்படிப்பட்ட பின்புலமாக உதவின. டொனால்ட் ஷேனும் கார்ல் விர்ட்டானெனும் அதே தகடுகளை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, சிறு கட்டம் சிறு கட்டமாகப் பிரித்து, திரள்களைக் கண்ணால் பார்த்தே எண்ணினார்கள். மொத்தம் 10 லட்சம் அளவுக்கு வந்தது. முழுக் கணக்கு 1967-இல் வெளியானது. அதை எடுத்து 1970-களில் புள்ளியியல் முறையில் அலசியவர் பிரின்ஸ்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் பீபிள்ஸ். ஒரு திரளிலிருந்து குறிப்பிட்ட தொலைவில் இன்னொரு திரள் இருப்பதற்கான வாய்ப்பு, எல்லாம் ஒழுங்கின்றித் தூவப்பட்டிருந்தால் இருக்கக்கூடியதைவிட எவ்வளவு கூடுதல் என்பது அவருடைய கேள்வி. பின்னர் வந்த எல்லாக் கணக்கெடுப்புகளும் கேட்டது ஏறத்தாழ இதே கேள்வியைத்தான்.

அடுத்த படி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங்கில் இருந்த பிரிட்டிஷ் ஷ்மிட் தொலைநோக்கி எடுத்த தென்வானத் தகடுகளை, கேம்பிரிட்ஜில் இருந்த ஏ.பி.எம். என்ற இயந்திரம் வருடி அளந்தது. மனிதக் கண்ணின் களைப்பும் சாய்வும் நீங்கிய கணக்கு அது. சுமார் 20 லட்சம் திரள்கள். அந்நாளில் செல்வாக்குப் பெற்றிருந்த கோட்பாடு, பேரண்டத்தை நிரப்பியிருப்பது முழுக்கப் பருப்பொருளே, அதிலும் பெரும்பங்கு ஒளியை வெளியிடாத கரும்பொருள் என்றது. அக்கோட்பாடு அனுமதித்ததைவிடப் பெரிய அளவுகளில் திரள்கள் கூட்டம் கூடியிருப்பதை ஏ.பி.எம். கணக்கு காட்டியது. 1990-இல் ஜார்ஜ் எஃப்ஸ்டதியூ, வில் சதர்லாந்து, ஸ்டீவ் மேடக்ஸ் ஆகியோர் நேச்சர் இதழில் ஒரு தீர்வை முன்வைத்தார்கள். பருப்பொருளின் பங்கு 20 விழுக்காடு மட்டும் என்றும், எஞ்சிய 80 விழுக்காடுவரை ஐன்ஸ்டீன் 1917-இல் தன் சமன்பாடுகளில் சேர்த்துப் பின்னர் கைவிட்ட அண்டவியல் மாறிலிக்கு உரியது என்றும் கொண்டால் கணக்கு நேராகிவிடும் என்றார்கள். பின்னர் கரும் ஆற்றல் எனப்பட்டதற்கு மிக எளிய விளக்கம் இந்த மாறிலிதான். சூப்பர்நோவா முடிவுகளுக்கு 8 ஆண்டு முந்தைய கூற்று இது.

இதை வைத்துக் கண்டுபிடிப்பின் பெருமையை இடம்மாற்ற வேண்டியதில்லை. எஃப்ஸ்டதியூ உள்ளிட்ட அந்த மூவரும் விரிவின் முடுக்கத்தை அளக்கவில்லை. பேரண்டம் தட்டையானது என்ற எடுகோளின்மேல் நின்றே மாறிலியை வருவித்தார்கள். ஆனால் 1998-இன் வியப்பான செய்தியை அறிவுலகம் விரைவில் ஏற்றுக்கொண்டதற்கு, திரள்களின் கணக்கு ஏற்கெனவே அதே திசையைக் காட்டியிருந்ததும் ஒரு காரணம் என்பதை மறைக்கக் கூடாது.

தகடுகள் திசையைத்தான் தரும். ஆழத்தைத் தர நிறமாலை வேண்டும். ஹார்வர்டு-ஸ்மித்சோனியன் மையத்தினர் 1977 முதல், தொலைவைக் காட்டும் செம்பெயர்ச்சியைத் திரள் திரளாக நிறமாலையில் அளந்தார்கள். 1986-இல் அவர்கள் வெளியிட்ட முப்பரிமாணத் துண்டில் இருந்தவை சுமார் 1,100 திரள்கள். ஒரே நேரத்தில் பல நூறு திரள்களை அளக்க ஒளியிழைகள் வந்த பிறகுதான் வேகம் பிடித்தது. 1997 முதல் 2002 வரை நடந்த ஆங்கிலோ-ஆஸ்திரேலியக் கணக்கெடுப்பு 2,20,000-க்கும் மேற்பட்ட திரள்களை அளந்தது.

அமெரிக்காவின் ஸ்லோன் கணக்கெடுப்பு நடந்த விதத்தைச் சற்று அருகே சென்று பார்க்கலாம். நியூ மெக்சிகோவின் அப்பாச்சி பாயின்ட்டில் உள்ள 2.5 மீட்டர் தொலைநோக்கி முதலில் வானத்தைப் படம்பிடிக்கும். அளக்க வேண்டிய திரள்களைத் தேர்ந்தபின், அவற்றின் இடங்களுக்கு ஏற்ப ஒரு வட்ட அலுமினியத் தகட்டில் 640 துளைகள் இடப்படும். பகல் வேளையில் ஊழியர்கள் ஒவ்வொரு துளையிலும் ஓர் ஒளியிழையைக் கையால் செருகுவார்கள். எந்த இழை எந்தத் துளைக்கு என்ற கட்டுப்பாடு கிடையாது. செருகி முடித்தபின் இழைகளில் ஒளியைச் செலுத்தி, எது எங்கே இருக்கிறது என்று கருவி பதிவுசெய்துகொள்ளும். ஒரு தகடு வானத்தின் ஒரே ஒரு பகுதிக்குத்தான் பொருந்தும். வேலை முடிந்த தகடுகள் பல பின்னர் பள்ளிகளுக்குக் கொடுக்கப்பட்டன. பேரண்டத்தின் வரைபடம் இப்படிக் கைவிரல்கள் செருகிய இழைகளின் வழியே வந்தது.

அந்த வரைபடத்திலிருந்து 2005-இல் ஒரு புதிய அளவுகோல் கிடைத்தது. பேரண்டம் பிறந்து சுமார் 3,80,000 ஆண்டுகள்வரை ஒளியும் அணுத்துகள்களும் கலந்த கொதிகுழம்பாக இருந்தது. அதில் ஒலியலைகள் பரவின. குழம்பு குளிர்ந்து ஒளி விடுபட்டபோது அலைகள் நின்ற இடத்திலேயே உறைந்தன. அந்தத் தடம் விரிவோடு சேர்ந்து விரிந்து, இன்று சுமார் 50 கோடி ஒளியாண்டு நீளமாக இருக்கிறது. அத்தொலைவில் இணைத்திரள் ஒன்று இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் மட்டுமே கூடுதல். டேனியல் ஐசன்ஸ்டீனும் உடன் பணிபுரிந்தவர்களும் 46,748 செந்திரள்களைக் கொண்டு இதைக் கண்டார்கள். அதே ஆண்டில் ஆங்கிலோ-ஆஸ்திரேலியத் தரவிலும் இத்தடம் தெரிந்தது. ஸ்லோன் கணக்கெடுப்பு திட்டமிடப்பட்டபோது கரும் ஆற்றல் என்ற சொல்லே புழக்கத்தில் இல்லை. ஆனாலும் பிற்காலத்தில் கரும் ஆற்றலை அளப்பதற்கு மிக நம்பகமான கோல் அதிலிருந்து கிடைத்தது.

இன்று கையால் செருகும் வேலை இல்லை. அரிசோனாவின் கிட் பீக்கில், 4 மீட்டர் மேயால் தொலைநோக்கியில் பொருத்தப்பட்ட டெசி கருவியில் 5,000 சிறு ரோபோக்கள் இழைகளைச் சில நிமிடங்களில் இடம்மாற்றுகின்றன. 2021-இல் தொடங்கிய அக்கணக்கெடுப்பு, 2025 மார்ச்சில் 1 கோடியே 40 லட்சத்துக்கும் அதிகமான திரள்களையும் குவாசர்களையும் கொண்டு முடிவுகளை வெளியிட்டது. ஆதிக் குழம்பிலிருந்து விடுபட்ட அந்தப் பழைய ஒளியான நுண்ணலைப் பின்னணியின் அளவீடுகளோடும் சூப்பர்நோவாத் தரவுகளோடும் சேர்த்துப் பார்த்தால், கரும் ஆற்றல் மாறிலியாக இல்லாமல் காலப்போக்கில் வலுவிழந்துவருவதாகத் தோன்றுகிறது. எந்த சூப்பர்நோவாத் தொகுப்பைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து இதன் உறுதி 2.8 முதல் 4.2 சிக்மாவரை மாறுகிறது. கண்டுபிடிப்பு என்று சொல்ல 5 சிக்மா வேண்டும் என்பது இத்துறையின் மரபு. தொகுப்பை மாற்றினால் உறுதியும் இவ்வளவு மாறுகிறது என்றால், குறை கரும் ஆற்றலைப் பற்றிய கோட்பாட்டில் இல்லாமல் சூப்பர்நோவா அளவீடுகளில் இருக்கலாம். அவசரப்பட்டு ஐன்ஸ்டீனின் மாறிலியைப் புதைக்கக் கூடாது என்பதே என் கருத்து.

2023-இல் விண்ணுக்குச் சென்ற யூக்ளிட் தொலைநோக்கியும், 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்ட சிலியின் ரூபின் வானாய்வகமும், கரும் ஆற்றல் மாறுகிறதா என்ற கேள்வியை இனி வேறு வழிகளில் சோதிக்கும். டெசியின் முதல் ஆண்டுத் தரவு முழுவதும் 2025 மார்ச் முதல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஸ்லோன் தரவு 2001 முதலே பொதுவில் இருக்கிறது. இயற்பியலோ புள்ளியியலோ படிக்கும் தமிழ் மாணவர்கள் அவற்றைத் தரவிறக்கி, எண்ணியவர்கள் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டும். அதற்குத் தொலைநோக்கி தேவையில்லை.